மாடியில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

மே 4, ஞாயிறு

பாகூர் வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்: அடியேன் இன்று பிரெஞ்சு டியூஷனில் சேர்ந்தேன். அங்கே வணக்கத்துக்கு 'போன்ஜூர்' என்பார்களாம்; பாகூர்க்காரனுக்கு போன்ஜூர் பக்கத்து ஊர்தானே?

காரணம் அக்கா. பிரான்ஸிலிருந்து மிஷேல் என்பவர் அவளைப் பெண் பார்க்க வருகிறார். நம்மூர்க் குடும்பம்தான், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்; அவர் அம்மாவுக்கு வரும் தமிழ் அவருக்கு வராது, இங்கிலீஷும் அரைகுறை. அவரிடம் அக்காவுக்கு ஒரே கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகு நர்ஸ் வேலைக்குப் போகலாமா?

"அவங்கம்மாகிட்ட கேட்டா அவங்கம்மா பதில்தான்டா வரும். அவரே சொல்லணும்."

போனிலேயே மொழிபெயர்க்கலாம் என்றாள். "அது தப்பும் தவறுமா சொல்லும்க்கா, நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்று மார் தட்டினேன்.

மே 9

தொண்டையில் மீன்முள் மாட்டினாற்போல் 'ர' சொல்லணுமாம். எழுதுவது ஒரு முழம், வாயில் வருவது அரைச் சாண். மீதி எழுத்தை யார் தின்றது?

டியூஷன் எடுக்கும் அருள்தாஸ் சார் ஒருவனைக் கேட்க வைப்பார், இன்னொருவனைப் பதில் சொல்ல வைப்பார். கேள்விதான் சின்னது என்று அதை நான் பிடித்துக்கொண்டேன். பதிலெல்லாம் கூடப் படிக்கும் ஹசன் தலையில்.

மே 17

இன்னும் பெயர், ஊர், சௌக்கியம். இதையே எத்தனை நாள்தான் விசாரிப்பது! வேலையைப் பத்தின பாடம் எப்போ சார் வரும்? "அவசரப்படாதடா"ன்றாரு. அவருக்கென்ன, கல்யாணம் அவரோட அக்காவுக்கா?

மே 25, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மிஷேலும் அவர் அம்மாவும் வந்தார்கள். மிஷேலிடம் பேர், சௌக்கியம், ஊர் எல்லாம் பிரெஞ்சிலேயே கேட்டேன். வீடே வாயைப் பிளந்தது. "தனியாப் பேசட்டும்" என்று எங்கள் மூவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். அக்காவுக்காகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "தாராளமா வேலைக்குப் போலாமாம்க்கா!" அக்கா கண் கலங்கிவிட்டாள்.

இந்த ஊரில் இனி பிரெஞ்சு என்றால் நான்.

மே 27

அக்கா சம்மதம் சொல்லிட்டா. எனக்குத்தான் சோறு இறங்கல.

ஜூன் 1

எழுதித்தான் ஆகணும். மாடியில் நான் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. அதற்கு வார்த்தை ஏது? "எங்கே வசிக்கிறீர்கள்?" என்பதையே இரண்டாம் தடவை கேட்டேன். மனுஷன் பொறுமையாகத் தெருப்பெயர் வரைக்கும் சொன்னார்.

காலையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. போனை எடுத்து, அதிலேயே மொழிபெயர்த்து, அவளே மிஷேலுக்குக் கேள்வியை அனுப்பினாள். பதில் உடனே வந்தது: "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்."

அக்கா யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள்.

"டேய், 'மன்னிச்சிடுங்க, எனக்கு இஷ்டமில்ல'ன்னு பிரெஞ்சுல எப்டிடா சொல்றது?"

"தெரியாதுக்கா. நெஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாது."