தம்பிக்குள் என் பாதி ஈரல்

பங்குனி, வெள்ளிக்கிழமை இரவு.

போன வருடம் என் கல்லீரலில் பாதியை வெட்டித் தம்பி அந்தோணிக்கு வைத்தார்கள். பிழைத்தான், பசிதான் திரும்பவில்லை. முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். உடம்பு கரைந்தது. புரதம் குறைந்தால் கல்லீரல்தான் மூளைக்குச் சொல்லியனுப்பும் என்றார் டாக்டர். அவனுடையது, அதாவது என்னுடையது, வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பசிக்கட்டும் என்று நேர்ந்துகொண்டு, இந்தத் தவக்காலம் முழுக்க கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டேன். பருப்பையும் விட்டேன். நேர்த்தியில் கஞ்சத்தனம் கூடாது.

இன்று மதியம் ரசஞ்சோறு தின்னும்போது ஈரல் வறுவல் நினைவு வந்து எச்சில் விழுங்கினேன். உடனே சின்னமனூரிலிருந்து தம்பி போன் பண்ணினான்.

"அண்ணே, ஈரல் வறுக்கச் சொல்லிருக்கேன். மெளகு தூக்கலா."

"நீதான் ஈரலத் தொடவே மாட்டியேலே?"

"தெரியலண்ணே. நீ ரசஞ்சோறு திங்கிறப்பல்லாம் எனக்கு வயிறு காந்துது."

நான் ரசஞ்சோறு தின்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்குக் கோழி வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அன்னைக்கோட நேர்த்தி முடிஞ்சிரும்ல, பெறகென்ன?" என்றாள்.

நான் தின்றால் அவன் பசி நின்றுவிடுமோ என்று அவளிடம் எப்படிக் கேட்பது?

விலாவுக்குக் கீழே தழும்பு அரிக்கிறது. இந்நேரம் அவனும் சொறிந்துகொண்டிருப்பான்.