இடப்பக்கம்

என்னவருக்கு,

நேரில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் கூடச் சிரித்துவிடுவேன். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

பூச்சியின் கண்ணைப் பார்த்து எங்கள் ஆபீஸில் நாங்கள் வடிவமைத்த மிளகளவு கேமராவை நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஒட்டிவைத்தேன். ஓரத்தில் நடப்பதும் தெளிவாகப் பதிகிறதா என்று இன்று காலையில் ஓட்டிப் பார்த்தேன்.

பதிந்திருக்கிறது. நான் உங்கள் இடப்பக்கம் காபியை வைக்கிறேன். உங்கள் கை மேசையைத் தடவித் தடவி டம்ளரைத் தட்டிவிடுகிறது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்கிறேன். "உங்க ஆபீஸ்ல சொல்லி அங்கயும் ஒண்ணு வச்சுக் குடேன்" என்கிறீர்கள்.

பிறகு மகள் நோட்டை நீட்டியபடி உங்கள் இடது தோளருகே வந்து நிற்கிறாள். நீங்கள் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பழகியவள் போல மேசையைச் சுற்றி எதிரே வந்து, "அப்பா, கையெழுத்து" என்கிறாள்.

ஓரப் பார்வைக்காகவே ஆறு வருடம் உழைத்தவள் நான். அந்த இடத்தை ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அவளை எழுப்பிக் கேட்டேன். "நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. கார்ல போறப்ப லெஃப்ட்ல வர்ற வண்டியெல்லாம் நான்தான் பாத்துச் சொல்லுவேன். நான் கரெக்டா சொல்லுவேன்மா."

பத்து வயது அவளுக்கு.

நாங்கள் நடந்தே பள்ளிக்குப் போகிறோம். சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. பத்து மணிக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், தயாராக இருங்கள்.

இத்தனை நாள் உங்கள் இடப்பக்கமே உட்கார்ந்திருந்தவள்