பதினாலாம் நம்பர் கட்டிலில் காதில் விழுந்தவை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம்; மேலே படித்துவிட்டு அது சரியா என்று நீயே பார்த்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போனிலேயே குடித்தனம் நடத்துகிறான். குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், சார்ஜர் வயரையெல்லாம் எட்டாத இடத்தில் வை.

வயிற்று வலிக்கு என்று போய்ப் படுத்தேனே, அந்த ஆஸ்பத்திரிக் கதையை விவரமாக எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய். கதைக்கென்ன குறைச்சல். மாட்டைக்கூடப் பேர் வைத்துக் கூப்பிடுவார்கள், என்னை அங்கே "பதினாலு" என்றார்கள். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு அங்கி கொடுத்தார்கள், அந்த முடிச்சு ஒருநாளும் நின்றதில்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு போனேன். ஸ்கேன் அறைக்குள் இரும்பு, பேட்டரி எதுவும் ஆகாது என்று என் காது மிஷினைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கட்டில் தலைமாட்டுப் பலகையில் 'காது கேட்காது' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள் நர்ஸ். சாயங்காலமே நான் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். பலகையை அழிக்கத்தான் ஒருவருக்கும் உடம்பு வளையவில்லை. விளைவு என்ன தெரியுமா, காலையில் வருகிறவள் வார்டே அதிர "மோஷன் போச்சாம்மா" என்று கத்துவாள். எதிர்க் கட்டில்காரியின் புருஷன் ஒருநாள் என்னைப் பார்த்து, இன்னிக்கு நல்லபடியா ஆச்சு போலிருக்கே என்று சிரித்தான்.

அந்த ஒரு கேள்வியைத் தவிர என்னிடம் டாக்டர், நர்ஸ் யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய டாக்டர் செண்ட் வாசனையோடு பின்னால் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வருவார், படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். "கூட யாரு இருக்கா" என்று கேட்பார். கட்டிலில் இருப்பவள் கணக்கில் இல்லை. எனக்குக் காது கேட்கும் ஐயா என்று சொல்ல முதல் நாள் வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தலைக்கு மேலேயே பட்டாளத்துக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார், நானும் கேட்டுக்கொண்டேன். பக்கத்து வார்டு டாக்டரைப் பற்றி அவர் சொன்னதை எழுதினால் இந்தக் காகிதம் நாறும். இவ்வளவு படித்து, வாசற்படியில் நின்று பேசுவதைக்கூட ஒரு கிழவி தலையைத் திருப்பிக் கவனிக்கிறாள் என்பது தெரியாத புத்திசாலிகள்.

டெஸ்டுக்குச் சதை எடுத்துப் போனார்களே, அதன் முடிவு வந்த அன்றும் இதே கதைதான். குடலில் இருப்பது புண் இல்லை, புற்றுநோய்க் கட்டி என்று அவர் அப்பாவிடம் என் கால்மாட்டில் நின்றே சொன்னார். நான் மிஷினைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டார். அவர் போன் பேசுகிற லட்சணம்தான் தெரியுமே, சத்தத்தை முழுசாக வைத்து டாக்டர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், அவங்க தாங்க மாட்டாங்க. அல்சர், சின்ன ஆபரேஷன்னு சொல்லிக்கலாம்" என்று நீ சொன்னாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தாங்க மாட்டேனாம். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நான் பதினாலு, அவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது. நீ என் மகள். நீயும் என் தலைக்கு மேலே பேசினாய். வீட்டுக்கு வந்த நாளாக அப்பா ஆப்பிள் சீவித் தருகிறார், தோலோடு பாதிப் பழமும் போகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தறியாத மனுஷன் இப்படி விழுந்து விழுந்து செய்தால் எனக்குப் புரியாதா. எனக்குத் தெரியாது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள், உங்களைக் கலங்கவைக்க வேண்டாமே என்று நானும் சிரிக்கிறேன். இந்தக் கூத்து எனக்கு அலுத்துவிட்டது.

நேற்று அப்பா தூங்கும்போது பஸ் ஏறித் தனியாகவே போனேன். பெரிய டாக்டர் வழக்கம்போல, கூட யாரும் வரலையா என்றார். வயிறு வந்திருக்கிறது, அது போதும் என்றேன். பேந்தப் பேந்த விழித்தார். எல்லாம் தெரியும், இனி என்னிடம் பேசுங்கள் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கட்டியை எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை என்றார். அப்பா கையெழுத்துப் போட்டிருந்த சம்மதக் காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, செய்யுங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அப்பாவிடம் இன்று ராத்திரி சொல்வேன், அவர்தான் தாங்க மாட்டார்.

எல்லோரும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் போன் பண்ணினால் அம்மா எப்படி இருக்காங்க என்று அப்பாவிடம் கேட்காதே. என்னிடம் கேள். ரொம்பப் பயமாயிருக்கிறது என்று சொல்வேன். அதைக் கேட்கத்தான் எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா