முப்பதாம் நாள் அரைஞாண்

நவம்பர் 3, திங்கள்
புது வண்டி பெயிண்டில் கீறல் விழும் என்று எங்கள் கார் கம்பெனி லைனில் பக்கிள் வைத்த பெல்ட்டுக்குத் தடை. பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்த மாரிசெல்வம், "பெல்ட்டுக்குப் பழைய தமிழ் என்னல வேல்ராஜ்? அதையாவது போர்டுல எழுது, பாத்துக்கிடுதேன்" என்றான். ஷிஃப்டுக்கு முன் போர்டில் தினம் ஒரு சொல் எழுதுவது நான்தான். கச்சை என்று எழுதினேன். அடுத்து அரைஞாண். அரை என்றால் இடுப்பு. ஞாண் என்றால் கயிறு, வில்லில் பூட்டுவதும் அதுதான். இத்தனை வருஷம் பாதிக் கயிறு என்றல்லவா நினைத்திருந்தேன்! சரியான மண்டு.

எழுதிவிட்டு நாள் கணக்குப் பார்த்தேன். ஞாயிறு, மகள் பிறந்து முப்பதாம் நாள். எங்கள் ஊரில் அன்று அத்தைதான் வந்து அரைஞாண் கட்டணும். அத்தை என்றால் என் செல்லக்கனி அக்கா. வீட்டில் சொல்லாமல் செந்தாமரையைக் கல்யாணம் செய்ததிலிருந்து, இரண்டு வருஷமாய் அவள் என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 4
போர்டைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கீழே, "ஞாயிறு முப்பது". வா என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? எழுதவில்லை. வீம்பு.

நவம்பர் 6
பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

நவம்பர் 8
"இன்னா, உங்க அக்கா வருமா வராதா?" என்றாள் தாமரை. தெரியாது என்றேன். "புள்ளைய வெறும் இடுப்போட வுட்றதா மாப்ள?" என்று மாமியார் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். நல்ல மனசுதான்.

ஒரு மணி நேரத்தில் அக்கா போன்! "ரயில் ஏறிட்டேன். காலைல சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல நில்லு." வைத்துவிட்டாள். ஐயோ, இப்போ நான் என்ன பண்ண? கயிற்றை அவிழ்த்தால் மாமியார் முகம் வாடும். விட்டால் அக்கா வந்த வழியே போய்விடுவாள்.

நவம்பர் 9, ஞாயிறு
அக்கா பிள்ளையைத் தூக்கியதுமே கயிற்றைப் பார்த்துவிட்டாள். "யாரு கட்டுனா?"

"நீ வருவியோ மாட்டியோன்னு நான்தாம்மா..." என்று இழுத்தார் மாமியார்.

நான் பதறிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வைலே அத! புதுசு கட்டாம பழச அறுக்கப் போறான், கிறுக்குப்பய." பையிலிருந்து வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்துக் கட்டினாள்.

"இப்ப அறுக்கவாக்கா?"

"எதுக்கு? அவ ஆச்சி ஆசையா கட்டுனது. ரெண்டும் கெடக்கட்டும்."

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "தாமரை, காப்பி இருக்காம்மா?" என்றாள். அக்கா வாயில் அந்தப் பெயரை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.