ஜப்பான் என்று சொன்ன அண்ணிக்கு

என் பிரியமான அண்ணி,

ஒரகடம் ரோட்டில் இன்னொரு பாலம் கட்டுகிறார்கள். அண்ணனுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். நீங்கள் இல்லாத வீட்டில் சமையல் ஒரு வழியாக நடக்கிறது. இன்று உங்களைக் கேட்டு ஒரு போன் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வல்லக்கோட்டை பக்கத்து மெர்சி வீட்டுக் கிண்ணம் நினைவிருக்கிறதா? நீலப்பூ போட்ட பீங்கான். அவள் புருஷன் அந்தோணியின் தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. நானூறு வருஷச் சீனப் பீங்கான் என்று நம்பி, சென்னையிலிருந்து ஒருவர் காரில் வாங்க வந்தார். கல்யாணத்துக்கு முன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் நீங்கள் என்பதால், உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். அந்தோணிக்கு வேலை போயிருந்த சமயம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். மெர்சி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் மேஜையில் துண்டை விரித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தீர்கள். பூவை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் அடியைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அடி வளையத்தின் தேய்மானத்தை விரலால் தடவினீர்கள். பிறகு ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினீர்கள். அங்கே கொடி பாதியில் அறுந்து, இன்னொரு கொடி தொடங்கியது.

"கையால வரஞ்சா கொடி இப்படி முட்டாது. இது அச்சடிச்ச படம். அடியில தேஞ்ச எழுத்தப் பாருங்க, இங்கிலீஷ்ல ஜப்பான்னு இருக்கு. வெளிநாட்டுல விக்கிறதுக்குச் செஞ்சது. நூறு வருசம் இருந்தாலே பெருசு."

வந்தவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"இன்னா அண்ணி, இப்டி பண்ட்டீங்க!" என்று மெர்சி அழுதாள்.

அந்தோணிக்கு வேறு வலி. "அப்போ எங்க தாத்தா சொன்னதெல்லாம் பொய்யா?"

"அவரு சீனான்னு சொன்னாரா?"

அவர் யோசித்தார். "இல்ல. பர்மா கிண்ணம்னுதான் சொல்லிகினு இருப்பாரு."

"ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால ரங்கூன் கடைகள்ல ஜப்பான் பீங்கான் நெறைய வித்துச்சு. அங்கதான் வாங்கினாருன்னு இந்தக் கிண்ணத்த வச்சு நான் சொல்ல முடியாது. ஆனா அவரு சொன்னதுக்கு இது பொருந்துது."

அந்தோணி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மெர்சி பல மாதம் பேசவில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் திரும்பி நின்றுகொள்வாள். நீங்கள் மட்டும் சுங்குவார்சத்திரத்தில் தெரிந்த கடைகளில் எல்லாம் அந்தோணிக்கு வேலை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு கடையில் கிடைத்தது. அவருக்காகச் சொன்னது நீங்கள்தான் என்று மெர்சிக்கு எப்படித் தெரிந்தது? கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோதும் நான் கேட்கவில்லை.

போன் செய்தவர் அந்தச் சென்னைக்காரர். யாரோ ஒரு பழைய கிண்ணத்தை அவரிடம் விற்கப் பார்க்கிறார்களாம். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன்.

"ஊர்ல பாத்துச் சொல்ல நெறைய பேர் இருக்காங்கம்மா," என்றார். "எனக்குப் பிடிக்காதத என் மூஞ்சிக்கு நேரா சொன்னது அவங்க ஒருத்தர்தான்."

போனை வைத்த பிறகுதான் அழுதேன், அண்ணி. பெருமையில்தான்.

மெர்சி மகள் வரலாறு படிக்கிறாள். உங்கள் புத்தகங்களைக் கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நீங்கள் பென்சிலில் 'தெரியவில்லை' என்று எழுதிவைத்த பக்கங்களை முதலில் காட்டுவேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
செல்வி