சிவப்பாகத்தான் இருந்தது

22 செப்டம்பர் 2025, திங்கள்

நேற்று என் மனைவி டெபோராவின் தம்பி சைமன் வந்திருந்தான். "ஈ வளக்கறதுக்குக்கூட சம்பளம் குடுக்கறாங்களா மாமு?" என்று சிரித்தான். வளர்ப்பதோடு முடியவில்லை, மலடாக்கி அனுப்புகிறோம் என்றேன். பழ ஈயைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர் பாய்ச்சித் தோப்பில் விடுகிறோம். அவை காட்டு ஈக்களோடு கூடும். முட்டை வரும், ஆனால் பொரியாது. பழத்தில் புழு வைக்காது. "பாவம் மாமு அதுங்க" என்றான். பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் கிடக்கிற என்னைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை.

நவம்பரில் நிரந்தரமாக்கிவிடலாம் என்று மேலாளர் செங்குட்டுவன் சொல்லியிருக்கிறார். வாயால்தான். டெபோரா அதற்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளைதான் ஆயுத பூஜை. மையத்தில் இன்றே முடித்துவிட்டோம். ஈக்களுக்கு லீவு தெரியாது, நாளையும் வேலை உண்டு.

காலையிலிருந்து கெங்கம்மா அக்கா அலமாரிகளைக் காலிசெய்து கழுவினாள். வியாசர்பாடியிலிருந்து வருகிறவள். ஒன்பது வருடமாக இங்கே அரிசி சலிக்கிறாள். கூட்டுப்புழு பழுப்பு அரிசி மாதிரி இருப்பதால் நாங்கள் அதை அரிசி என்றுதான் சொல்வோம். கதிர் பட்ட பைகள் வலது அலமாரியில் இருக்கும், படாதவை இடதில். கழுவி முடித்து எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள்.

பிறகு குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். "ஒண்ணு விடாம வைங்க கெங்கம்மா" என்றார் செங்குட்டுவன். கற்பூரம் அவரே காட்டினார். கதவு, இயந்திரம், தராசு, பைகள், எல்லாவற்றுக்கும் பொட்டு. என் நெற்றிக்கும் கை நீட்டினாள். "உனக்கு வாணாம் நைனா, உன் பொண்டாட்டி என்னைத் திட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் பொரி தின்றேன்.

1 அக்டோபர், புதன்

இன்று நாற்பது பை சோழவரத்துக்குப் போயிற்று, சௌக்கத் அலி குத்தகைக்கு எடுத்திருக்கும் கொய்யாத் தோப்புக்கு. ஒவ்வொரு பையிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். கதிர் பட்டால் அது சிவப்பாக மாறும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் வருகிற கும்மிடிப்பூண்டி ரயில் லேட். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நின்ற இடத்திலிருந்தே வலது அலமாரியைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. போட்டுவிட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு சிட்டிகை அரிசியை இங்கேயே நிறுத்திக்கொள்வோம். அதிலிருந்து வரும் ஈக்களின் முட்டை பொரிகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பதினேழாம் பையிலும் பதினெட்டாம் பையிலும் நூற்றுக்கு எண்பத்தாறு பொரிந்திருக்கிறது.

மறுபடி எண்ணினேன். எண்பத்தாறுதான்.

திரும்பி வந்த காலிப் பைகளைக் கிடங்கில் தேடி எடுத்தேன். பதினேழின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். சிவப்பு நகத்தோடு வந்துவிட்டது. அடியில் மஞ்சள். குங்குமம்! கழுவும்போது இரண்டு பை இடதிலிருந்து வலதுக்குப் போயிருக்கிறது. கையில் எடுத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

ஐம்பதாயிரம் ஈ. மலடாகாத நல்ல ஈ. நானே கையெழுத்துப் போட்டு அந்த ஆள் தோப்புல வுட்டுட்டேன். இன்னா பண்ணிவெச்சிருக்கேன் நான்?

இப்போது சொன்னால் சௌக்கத் அலி காய்களுக்கு உறை கட்டலாம். மருந்தாவது அடிக்கலாம். அடிக்காதே, எங்கள் ஈ செத்துப்போகும் என்று அவருக்குச் சொல்லி வைத்ததும் நாங்கள்தான். ஆனால் சொன்னால் நவம்பர் போய்விடும்.

பதிவேட்டில் எழுதினேன்: 17, 18 - மாதிரி பூஞ்சை பிடித்துக் கெட்டது.

17 அக்டோபர்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

20 அக்டோபர், தீபாவளி

சொல்லவில்லை.

28 அக்டோபர், செவ்வாய்

புயல் மழை. முழங்கால்வரை நனைந்து, ஒரு கூடையோடு சௌக்கத் அலி வந்தார். மேலாளர் மேஜைமேல் கொய்யாவை வைத்து நான்காக அறுத்தார். உள்ளே நெளிந்தது. இன்னொன்று. அதிலும். "மருந்து அடிக்காதன்னீங்கோ, அடிக்கல. பக்கத்துத் தோப்புக்காரன் அடிச்சான், அவன் காய் நல்லாகீது. சொல்லுங்க சார், நான் யாரை நம்பனும்?" கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. போகும்போது மேஜையைத் தன் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் எனக்கு இருந்தது. பன்னிரண்டு நாள்.

31 அக்டோபர், வெள்ளி

விசாரணை. காலிப் பைகள் மேஜைமேல். ஸ்டிக்கரில் இருந்தது குங்குமம் என்று கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். கெங்கம்மா அக்காவைக் கூப்பிட்டார்கள். "நான்தான்யா வெச்சேன். மஞ்சளா சந்தனம் கணக்கா இருந்துச்சு, அதுமேல வெச்சேன்" என்றாள். யார் வைக்கச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. செங்குட்டுவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒரே கேள்விதான். பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா?

"சிவப்பாகத்தான் இருந்தது சார்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

3 நவம்பர், திங்கள்

அறிக்கையின் தமிழ்ப் பிரதியை என்னையே எழுதச் சொன்னார் செங்குட்டுவன். "உன் தமிழ் நல்லா இருக்கும் அருள்நாதன்." மூடநம்பிக்கை என்ற சொல்லை அவர் கொடுத்தார். 'எவருடைய அனுமதியும் இன்றி' என்பது என்னுடையது. அவர் கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்தது என்று அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. த்தூ.

10 நவம்பர்

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோப்பில் உதிர்ந்த காய்களைக் குழி வெட்டிப் புதைக்கிறார்களாம். வேன்காரர் சொன்னார்.

18 நவம்பர், செவ்வாய்

நிரந்தர ஆணை கைக்கு வந்தது. டெபோரா அழுதாள். நானும் அழுதேன். அதுவும் சந்தோஷம்தான் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

24 நவம்பர், திங்கள்

மாலையில் கேட்டுக்கு வெளியே கெங்கம்மா அக்கா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஜாக்கெட்டிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தாள். "எழுத்துக் கூட்டிப் பாத்தேன், ஓடல. படிச்சிக் காட்டு நைனா."

படித்தேன். வேறு என்ன செய்வது? 'மேற்படி பணியாளர் தமது மூடநம்பிக்கையின் காரணமாக, எவருடைய அனுமதியும் இன்றி...' லாரிப் புகை என்று சொல்லி இருமினேன்.

"அனுமதி இன்றின்னா?"

"யாரும் சொல்லாம நீங்களா வெச்சீங்கன்னு."

கடிதத்தை வாங்கித் திரும்ப மடித்தாள். "இத எழுதனவன் அன்னிக்கு அங்க இல்ல போலகீது. ஐயாதான ஒண்ணு வுடாத வையின்னாரு? நீ பக்கத்துலயே பொரி துன்னுகினு இருந்த. அத அப்புடியே ஒரு லெட்டரா எழுதிக் குடு நைனா, மேல இருக்கறவங்ககிட்ட குடுத்துப் பாக்கறேன். உன் எழுத்து நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க."

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

25 நவம்பர்

பின் கேட் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

26 நவம்பர்

இன்றும் பின் கேட். ஆறு மணிவரை அந்த அம்மா நின்றிருந்தது, அப்புறம் போய்விட்டது என்று காவலாளி சொன்னார். ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லையாம்.