செவலை கத்திய நேரம்

ஜனவரி 9
ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம், என் மகன் தவழ ஆரம்பித்த வருஷம். அப்போதுதான் செவலையின் பூட்டிக்குப் பூட்டி இந்தக் கொட்டிலுக்கு வந்தாள். அந்த வம்சத்தில் ஒருத்திக்கும் சினை நிற்காமல் போனதில்லை. இவளுக்கு மட்டும் முதல் சினை ஊசி வீண். நேற்று இரண்டாவது.

பருவம் வந்தது என்று நான் சொன்ன பிறகுதான் மகன் ஊசிக்காரருக்குப் போன் போடுவான். இந்த வீட்டு முறை அது. நேற்றுக் காலை தீவனம் வைக்கப் போனேன், செவலை என் பக்கத்தில் நின்று கத்தினாள், சொன்னேன். காலையில் கத்தினால் சாயங்காலம் போட வேண்டுமாம். சாயங்காலம்தான் வந்தார். டப்பாவைத் திறந்தால் புகை. உள்ளே இருப்பது விந்தா, வெறும் தண்ணீரா? யார் கண்டது.

எனக்கு எழுத்து தெரியாது. இந்தப் போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம், மகன் சொன்னான். நான் சொல்வதைத்தான் எழுதுகிறதா? அதையும் படித்துப் பார்க்க வழியில்லை.

ஜனவரி 14
சமையலறையில் மகனும் மருமகளும் குசுகுசு. நான் போய் நின்றாலும் வாய்தான் அசைகிறது. டி.வி.யைக்கூடக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படி என்ன ரகசியம்?

ஜனவரி 17
மாட்டுத் தரகர் வந்து செவலையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் போன பிறகு மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இது நிக்கலைன்னா இன்னொரு தடவை பாக்கலாம்ப்பா. அதுக்கும் நிக்கலைன்னா குடுத்துடலாம். எத்தனை நாள் சும்மா தீனி போடறது?"

கொடுப்பதாம். ஈனாத மாட்டை வளர்க்கவா வாங்குவான்? கத்திக்குத்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊசிக்காரர் லேட்டா வர்றாரு, தரகர் சரியா வர்றாரு. மகனையும் சேத்து மூணு பேரும் கூட்டு.

ஜனவரி 23
மகனும் ஊசிக்காரரும் தெருமுனையில் நின்று சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 28
அவள் பருவம் திரும்பினால் இன்றோ நாளையோதான். மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கொட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யார் வருகிறார்கள், அவளுக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

யாரும் வரவில்லை. செவலை கழுத்தை நீட்டினாள். வயிறு உள்ளே போனது. வாய் திறந்தது. சத்தம் இல்லை. மறுபடி திறந்தாள் — அவள் காலடியில் மேய்ந்த கோழி பயந்து ஓடுகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாட்டுக்குத் தொண்டை போய்விட்டதா?

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகளைக் கூப்பிட்டேன். செவலை கத்துகிறாளா என்று கேட்டேன். மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"சாப்பாட்டு நேரத்துலேருந்து கத்துறா மாமா. போன தடவையும் நீங்க சொன்னதுக்கு முந்தின நாள் மத்தியானமே ஆரம்பிச்சுட்டா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க தலையாட்டினீங்க."

ஆட்டியிருப்பேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். அப்படியானால் ஊசிக்காரர் சாயங்காலம் வந்தபோது — ஒரு நாளுக்கு மேலேயே போயிருக்கும். பருவமே முடிந்திருக்கும். நான் காலை என்றேன், அவர் காலைக்குக் கணக்குப் போட்டார்.

மருமகளே போன் போட்டாள். மத்தியானம் ஆரம்பித்தது என்றாள். நாளைக் காலை வருகிறாராம். ஏன், இப்பவே வந்தா கால் ஒடிஞ்சுடுமா? சந்தேகம் ஒரே நாளில் விட்டுப் போகுமா என்ன.

ஜனவரி 29
விடிந்ததும் வந்தார். "எப்ப கத்துச்சு பெரியவரே?" என்று என்னைத்தான் கேட்டார். நான் மருமகளைக் கைகாட்டினேன்.

பிப்ரவரி 20
பருவம் திரும்பவில்லை. மருமகள் சொன்னாள்.

ஏப்ரல் 30
ஊசிக்காரர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஏதோ சொன்னார். நான் தலையாட்டவில்லை, என்ன சொன்னார் என்று கேட்டேன். "சினை மாமா, மூணு மாசம்" என்று மருமகள் என் காதில் கத்தினாள். கோழி ஓடியது.

செவலையின் பூட்டிக்குப் பூட்டி, அந்தப் பழைய பசு, முதன்முதலில் பருவத்துக்குக் கத்தியபோது சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் என் அப்பா, என் அண்ணன், என் மனைவி, பால்காரர். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மகன் பகலெல்லாம் வெளியே. நான் இருக்கிறேன், ஆனால் இந்தக் கணக்கில் சேர மாட்டேன். இனி இந்தக் கொட்டிலில் ஒரு மாடு கத்தினால் கேட்பதற்கு உயிரோடு இருப்பது ஒருத்திதான். என் மருமகள்.